பழைய கீபோர்ட், சிந்தசைசர் பவர் சப்ளை பழுது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் பழைய கீபோர்ட், சிந்தசைசர், டிரம் மெஷின் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் பவர் சப்ளை பற்றித்தான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். 1980களிலும் அதற்குச் சற்று முன்பின்னும் வந்த, உள்ளே ட்ரான்ஸ்போமர் வைத்த கருவிகளை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

சுவிட்சைப் போட்டேன். லைட்டும் இல்லை, சத்தமும் இல்லை. கருவி செத்துவிட்டதா அண்ணா?

பெரும்பாலும் இல்லை. பவர் சப்ளை போவது வேறு, கருவி போவது வேறு. சப்ளையில் இருப்பவை ட்ரான்ஸ்போமர் (லைன் வோல்ட்டைக் குறைப்பது), டயோட் (ஏசியை டிசியாக்குவது), கெப்பாசிட்டர் (அந்த டிசியைச் சீராக்குவது), ரெகுலேட்டர் (வோல்ட்டை ஒரே அளவில் நிறுத்துவது), பியூஸ். ட்ரான்ஸ்போமரைத் தவிர மற்றதெல்லாம் இன்றைக்கும் கடையில் கைநிறைய வாங்கலாம். மெயின் போர்ட் அப்படியல்ல. 1983ல் வந்த டிஎக்ஸ்7ன் ஒலிச் சில்லுகள் யமஹா தனக்கென்றே செய்தவை. 1984ல் வந்த ரோலண்ட் ஜூனோ-106ன் குரல் சில்லுகள் தாமாகவே பழுதாவதற்குப் பேர்போனவை, மாற்று வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க வேண்டும்.

அதனால் நான் யாருக்கும் முதலில் சொல்வது இதைத்தான்: சப்ளையை மெயின் போர்டிலிருந்து கழற்றித் தனியாகத் திருத்துங்கள், தனியாக அளந்து பாருங்கள், சரி என்று கண்ணால் கண்ட பிறகே இரண்டையும் சேருங்கள். "போட்டுப் பார்ப்போம், வேலை செய்கிறதா என்று" என்ற அந்த ஒரு நிமிட அவசரத்தில் போன கருவிகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

ஜப்பானிலிருந்து வந்த கீபோர்டை நேரே சொக்கட்டில் போட்டுவிட்டேன். "டப்" என்று ஒரு சத்தம். இனி என்ன செய்வது?

முதலில் பிளக்கைக் கழற்றி வையுங்கள், மறுபடி போடாதீர்கள்.

இங்கே வரும் பழைய கருவிகளில் பல ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்தவை. அங்கே 100 வோல்ட், இங்கே 230. தட்டையான இரண்டு கால் பிளக்கை நம் சொக்கட்டில் நுழைய வைக்கும் சின்னத் துண்டு எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, ஆனால் அது பிளக்கின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ட்டை மாற்றாது. வாங்குபவர்களுக்கு யாரும் இதைச் சொல்வதில்லை. கருவியின் பின்பக்கத் தகட்டில் 100V என்று அச்சடித்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும்.

உள்ளே என்ன நடந்திருக்கும் என்றால், ட்ரான்ஸ்போமரின் வெளியீடும் இரண்டு மடங்குக்கு மேல் எகிறியிருக்கும், அதோடு அதன் இரும்புக் கரு காந்தத்தால் நிரம்பி உள்ளே போகும் கரண்டும் ஏறியிருக்கும். சரியான பியூஸ் போட்டிருந்தால் அது உடனே எரிந்து மற்றதைக் காப்பாற்றியிருக்கும், இது நல்ல முடிவு. பியூஸ் தாமதித்தால் 15 வோல்ட் பக்கம்தான் முதலில் அடிவாங்கும். ஏனென்றால் 7805 (5 வோல்ட்), 7815 (15 வோல்ட்) வகை ரெகுலேட்டர்கள் உள்ளே வருவதில் 35 வோல்ட் வரைக்கும்தான் தாங்கும். 5 வோல்ட் ரெகுலேட்டருக்குச் சாதாரணமாக 10 வோல்ட் வருகிறது என்று வையுங்கள், அது 23 ஆனால் தப்பிவிடும். 15 வோல்ட் ரெகுலேட்டருக்கு 22 வரும் இடத்தில் 50 வந்தால் தப்பாது, அங்கே இருக்கும் 25 வோல்ட், 35 வோல்ட் கெப்பாசிட்டர்களும் தப்பாது. நீங்கள் கேட்ட "டப்" அநேகமாக அவற்றில் ஒன்றாக இருக்கும்.

இனி பார்க்க வேண்டியது ட்ரான்ஸ்போமரை. பிளக் வெளியே இருக்கட்டும், கருவியின் சுவிட்சை மட்டும் ஓன் செய்து, பிளக்கின் இரண்டு கால்களுக்கு இடையே மீட்டரில் ஓம் அளவில் பாருங்கள். சில பத்து ஓம் முதல் சில நூறு ஓம் வரை ஏதாவது காட்டினால் பிரைமரி, அதாவது லைன் கரண்ட் வரும் பக்கத்துச் சுற்று, உயிரோடு இருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் பியூஸ், சுவிட்ச், வயர் என்று வரிசையாகப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் ட்ரான்ஸ்போமர் கால்களில் தொடர்பு இல்லையென்றால், சுற்றுக்குள் புதைத்திருக்கும் வெப்பப் பியூஸ் அறுந்திருக்கலாம். சிலவற்றில் மேல் காகிதத்தைக் கவனமாகப் பிரித்தால் அது கைக்கு எட்டும். அதே வெப்பநிலை எழுதிய புதியதைப் போடுங்கள், ஈயம் வைக்கும் சூட்டிலேயே அது அறுந்துவிடும் என்பதால் காலை இடுக்கியால் பிடித்து வேலை செய்யுங்கள். அந்த இடத்தில் வெறும் வயரை வைத்து இணைக்கவே கூடாது. வீடு தீப்பற்றாமல் இருக்கத்தான் அதை அங்கே வைத்திருக்கிறார்கள்.

ட்ரான்ஸ்போமரே எரிந்துவிட்டதா? அதற்கும் வழி இருக்கிறது. வைண்டிங் செய்பவரிடம் பழையதைக் கொண்டுபோய், பிரைமரியை 230 வோல்ட்டுக்கும் செகண்டரிகளை, அதாவது வெளியீட்டுச் சுற்றுகளை, பழைய வோல்ட்டுக்குமே சுற்றித் தரச் சொல்லுங்கள். செகண்டரி எத்தனை, நடுவில் வயர் எடுத்திருக்கிறதா, எத்தனை ஆம்பியர், உயரம் எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், உயரத்தை மறந்தால் மூடி மூடாது. இப்படிச் செய்துவிட்டால் 230ஐக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப் டவுன் பெட்டியும் இனித் தேவையில்லை. ஆனால் பியூஸை மாற்ற மறக்காதீர்கள். 100 வோல்ட்டில் 1 ஆம்பியர் இழுத்தது 230ல் அதில் பாதிகூட இழுக்காது, பழைய பியூஸ் இனிப் பெரியது. புது அளவை எழுதி உள்ளே ஒட்டி வையுங்கள், தகட்டில் இருக்கும் 100ஐயும் அடித்துவிட்டு 230 என்று எழுதுங்கள்.

ஸ்டெப் டவுன் பெட்டி வாங்கினால் 110 வோல்ட் போதுமா?

கொஞ்ச நேரம் வாசிக்க ஓடும். ஆனால் 110 என்றாலே 100 வோல்ட் கருவிக்கு 10 சதவீதம் கூட. உங்கள் வீட்டு லைன் 240க்கு ஏறினால் பெட்டியிலிருந்து 115 வரும். அந்த மிச்சமெல்லாம் ரெகுலேட்டரில் சூடாகத்தான் கழியும், நம் வெயிலுக்கு அது நல்லதில்லை. 100 என்று எழுதியதையே தேடி வாங்குங்கள்.

உள்ளே கை வைப்பது ஆபத்தா?

ஆம். பயந்து விலக வேண்டியதில்லை, ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

ட்ரான்ஸ்போமர் வகையில் ஆபத்து பிளக்கிலிருந்து ட்ரான்ஸ்போமர் வரைக்கும்தான்: பவர் சொக்கட்டின் பின்பக்கம், பியூஸ் கூடு, சுவிட்சின் கால்கள். அதற்குப் பிறகு வருவதெல்லாம் குறைந்த வோல்ட். மூடியைத் திறந்ததும் அந்த மெயின் கால்களை இன்சுலேஷன் டேப்பால் மூடிவிடுங்கள். கருவி திறந்திருக்கும்போது கைதவறித் தொடுவது அங்கேதான். வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வேலை செய்யாத வீட்டில் இந்த வேலையே வேண்டாம்.

ஸ்விட்சிங் வகை சப்ளை வேறு கதை. அதில் 230 வோல்ட் நேரே டிசியாக மாறி, ஒரு பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட்டாக நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் நிற்கலாம், ஆளைக் கொல்லவும் போதும். 2.2 கிலோ ஓம், 10 வாட் தடையி ஒன்றின் கால்களுக்கு நல்ல உறை போட்ட வயர் வைத்து, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, அதை அந்தக் கெப்பாசிட்டரின் இரண்டு கால்களிலும் பத்து விநாடி பிடியுங்கள். பிறகு மீட்டரை வைத்துப் பூச்சியத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரால் குறுக்கே தட்டிப் பொறி பறக்கவிடுவது வேண்டாம். இது புரியவில்லை என்றால் ஸ்விட்சிங் சப்ளையைத் திறக்காதீர்கள்.

என்ன சாமான் வேண்டும்?

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், சூடு கட்டுப்படுத்தும் சோல்டரிங் அயன், ஈயம், பழைய ஈயத்தை உறிஞ்சும் பம்ப். இதோடு நீங்களே செய்துகொள்ள வேண்டிய ஒன்று, சீரிஸ் குமிழ்ப் பெட்டி. கருவிக்குப் போகும் லைன் வயரை அறுத்து, நடுவில் 40 அல்லது 60 வாட் பழைய குண்டு மின்குமிழ் ஒன்றை ஹோல்டரோடு வைப்பதுதான் விஷயம். எல்இடி குமிழ் இதற்கு உதவாது, உள்ளே இழை இருக்கிற குமிழ்தான் வேண்டும். சப்ளை நன்றாக இருந்தால் குமிழ் ஒரு கணம் மின்னி மங்கிவிடும். எங்காவது ஷோர்ட் இருந்தால் குமிழ் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருக்கும், கரண்டையும் அதுவே தடுத்துவிடும், ஒன்றும் எரியாது. எத்தனையோ ட்ரான்ஸ்போமரை இந்தக் குமிழ் காப்பாற்றியிருக்கிறது.

எங்கிருந்து அளக்கத் தொடங்குவது?

கரண்ட் வரும் திசையிலேயே போங்கள்.

மெயின் போர்டுக்குப் போகும் இணைப்பியைக் கழற்றுவதற்கு முன்னால் போனில் நாலைந்து படம் எடுத்து, வயர் நிறங்களைத் தாளில் எழுதுங்கள். கழற்றிய பிறகு, 5 வோல்ட் வெளியீட்டில் 10 ஓம், 10 வாட் தடையி ஒன்றைப் பொய்ப் பாரமாகக் கட்டுங்கள், அரை ஆம்பியர் இழுக்கும். வெறுமனே அளந்தால் 5 வோல்ட் அழகாகக் காட்டிவிட்டு, பாரம் வந்ததும் படுத்துவிடும் சப்ளைகள் உண்டு.

இனிக் குமிழ் வழியாகக் கரண்ட் கொடுங்கள். ட்ரான்ஸ்போமர் செகண்டரியில் ஏசி வருகிறதா? வருகிறது என்றால் அடுத்தது நாலு டயோட்களுக்குப் பிறகு பெரிய கெப்பாசிட்டரின் மேல் டிசி. அது ஏசி அளவின் 1.4 மடங்கில் ஒன்றரை வோல்ட் குறைவாக இருந்தால் சரி. குமிழ் கொஞ்சம் விழுங்குவதால் இன்னும் சற்றுக் குறையலாம். அதற்குப் பிறகு ரெகுலேட்டரின் வெளியீடு: 5 வோல்ட் என்றால் 4.8க்கும் 5.2க்கும் இடையில் நிற்க வேண்டும். உள்ளே போவது வெளியே வருவதைவிட இரண்டு வோல்ட்டாவது கூட இல்லாவிட்டால் ரெகுலேட்டர் பாவம், அது நல்லதாக இருந்தும் வேலை செய்யாது, அப்போது குற்றவாளி அதற்கு முன்னால் இருக்கிறான்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது, ரெகுலேட்டர் உள்ளேயே ஷோர்ட் ஆகி 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 9, 10 வருவதற்குத்தான். அதோடு மெயின் போர்டைச் சேர்த்தால் கதை முடிந்தது. இணைப்பியைக் கழற்றி வைக்கச் சொல்வது இதற்காகவே.

வேலை செய்கிறது, ஆனால் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஒரே இரைச்சல். ஏன்?

கொட்டாஞ்சேனையில் ஒரு பாடகர் குழுவின் கீபோர்டுக்கு இதே பிரச்சினை. நத்தார் கரோல் ஒத்திகைக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. அவர்களிடம் வயலின் வாசிக்கும் தம்பி ஒருவர் இரைச்சலைக் கேட்டுவிட்டு, "அண்ணா, இது கீழ் ஜி நோட்டுக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது" என்றார். மீட்டரைத் தொடுவதற்கு முன்பே எனக்கு விடை கிடைத்துவிட்டது.

நம் லைன் 50 ஹேர்ட்ஸ். நாலு டயோட் வைத்து இரண்டு பக்க அலையையும் திருப்பும்போது அது 100 ஹேர்ட்ஸ் ஆகும். அவர் சொன்ன கீழ் ஜி, வயலினின் ஜி கம்பிக்கு ஒரு ஸ்தாயி கீழே இருப்பது, 98 ஹேர்ட்ஸ். ஆகவே ஜிக்குச் சற்று மேலே ஒரு இரைச்சல் கேட்டால், டயோட்கள் வேலை செய்கின்றன, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் வறண்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே, 50 ஹேர்ட்ஸில் கேட்டால் டயோட் ஒன்று அறுந்திருக்கலாம், அல்லது சப்ளையில் குறையே இல்லாமல் ஓடியோ வயரில் எர்த் பிரச்சினையாக இருக்கலாம். ஹெட்போனைக் கருவியிலேயே நேராகக் குத்திக் கேளுங்கள். அப்போது இரைச்சல் போய்விட்டால் குறை வயரிலும் அம்ப்ளிபயரிலும்தான். அமெரிக்கக் காணொளிகளில் வேறு சுருதி சொல்வார்கள், அங்கே லைன் 60 ஹேர்ட்ஸ், இரைச்சல் 120. காது பழகியவர்களுக்கு இது மீட்டரைவிட வேகமான கருவி.

அந்தக் கீபோர்டைத் திறந்தபோது 4700 மைக்ரோஃபரட் கெப்பாசிட்டரின் மேல்மூடி மெல்ல உப்பி, அடியில் பழுப்பாக ஒரு வளையம், பக்கத்தில் போனால் மீன் வாடை மாதிரி ஒன்று. கசிந்த திரவம் செப்புப் பாதை ஒன்றைப் பச்சையாக்கியிருந்தது. ஐசோபுரோபைல் அல்ககோலும் பழைய பல்தூரிகையும் கொண்டு கழுவி, அரிபட்ட பாதைக்குப் பக்கத்தில் ஒரு வயர் ஓட்டி, புதியதை வைத்தேன். ஒத்திகைக்கு நேரத்துக்குப் போய்விட்டது.

எல்லாக் கெப்பாசிட்டரையும் மாற்றிவிடட்டுமா? எங்கே வாங்குவது?

சப்ளையில் இருக்கும் எலெக்ட்ரோலிட்டிக் வகை எல்லாவற்றையும் மாற்றுங்கள், நாற்பது வருடம் உழைத்துவிட்டன. மெயின் போர்டில் நன்றாக இருப்பதைத் தொட வேண்டாம், பழைய போர்டில் சூடு வைக்கும் ஒவ்வொரு முறையும் செப்பு கிளம்பும் ஆபத்து இருக்கிறது.

புதியதில் வோல்ட் அதே அளவு அல்லது ஒரு படி கூட, மைக்ரோஃபரட் அதே அளவு, வெப்பநிலை 105 பாகை என்று எழுதியது. 85 எழுதியதை விடுங்கள். இந்த வகையின் ஆயுள் 10 பாகை சூடு குறைந்தால் ஏறத்தாழ இரட்டிப்பாகும், கொழும்பு வெயிலில் மூடிய பெட்டிக்குள் அந்த 20 பாகை வித்தியாசம் பல வருடம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் போனால் எலெக்ட்ரோனிக் பாகக் கடைகளில் சாதாரண அளவுகள் கிடைக்கும். வாங்கியதை வீட்டுக்கு வந்து கெப்பாசிட்டர் மீட்டரில் பாருங்கள். 4700 என்று எழுதியது 2000 காட்டினால் அது போலி. பழைய இருப்பாக இருந்தால் காலில் ஈயம் ஒட்டாது, அதுவும் ஒரு அடையாளம். மைனஸ் கோடு எந்தப் பக்கம் என்பதை ஒன்றைக் கழற்றி ஒன்றை வைத்து முடிக்கும் வரை கண் விலகாமல் பாருங்கள், திருப்பி வைத்தால் வெடிக்கும்.

ரெகுலேட்டர் புதிதாகப் போட்டேன், போட்டதும் பியூஸ் போய்விட்டது?

மைனஸ் 15 வோல்ட்டுக்கான 7915ஐத்தானே மாற்றினீர்கள்? பார்ப்பதற்கு 7815 மாதிரியே இருக்கும், கால் வரிசை வேறு. 7815ல் முதல் கால் உள்ளே வருவது, நடுக் கால் கிரவுண்ட். 7915ல் முதல் கால் கிரவுண்ட், நடுக் கால்தான் உள்ளே வருவது. அதன் முதுகுத் தகடும் நடுக் காலோடு சேர்ந்தது. சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கோடு திருகும்போது நடுவில் மைக்கா தாளும், திருகாணிக்குப் பிளாஸ்டிக் வளையமும் வைக்காவிட்டால் மைனஸ் லைன் நேரே கிரவுண்டில் போய் விழும். பழையதைக் கழற்றும்போது மைக்கா ஒட்டிக்கொண்டு வந்து கீழே விழுந்துவிடும், அதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. திருகிய பிறகு தகட்டுக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே மீட்டரில் தொடர்பு காட்டக்கூடாது.

பியூஸ் அடிக்கடி போகிறது. கொஞ்சம் பெரியதாகப் போடலாமா?

கூடாது. பியூஸ் காரணமில்லாமல் போவதில்லை. ஒருமுறை ஒரு அழகான பழைய ஓர்கன் என்னிடம் வந்தது, அதற்கு முன் எங்கோ ஒரு கடையில் பியூஸ் இருந்த இடத்தில் செப்பு வயரைச் சுற்றி விட்டிருந்தார்கள். ட்ரான்ஸ்போமர் தார் உருகி அடித்தட்டில் ஒழுகி உறைந்திருந்தது. எழுதிய அளவு, எழுதிய வகை: முன்னால் T என்றிருந்தால் தாமத வகை, F என்றிருந்தால் உடனே அறும் வகை. இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள்.

சின்னக் கேசியோ, வெளியே அடாப்டர். வேறு அடாப்டர் போட்டேன், செத்துவிட்டது.

வோல்ட்டைப் பார்த்திருப்பீர்கள், திசையைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பழைய கேசியோக்களுக்கு வந்த 9 வோல்ட் அடாப்டரில் பிளக்கின் உள்பக்கம் மைனஸ். யமஹாவின் 12 வோல்ட் அடாப்டரில் உள்பக்கம் பிளஸ். கருவியின் சொக்கட் பக்கத்திலேயே சின்னப் படமாக அதை வரைந்திருப்பார்கள். நல்ல காலம் என்றால் உள்ளே பாதுகாப்புக்கு வைத்த ஒரு டயோட் மட்டும் ஷோர்ட் ஆகியிருக்கும், அதை மாற்றினால் எழுந்துவிடும். சொக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு டயோட் இரண்டு பக்கமும் பூச்சியம் ஓம் காட்டுகிறதா என்று பாருங்கள்.

திருத்தும்போது நான் செய்து வைத்த ஒலிகள் அழிந்துவிடுமா?

பவர் சப்ளையைத் தொடுவதால் அழியாது. அவற்றைக் காப்பது மெயின் போர்டில் இருக்கும் 3 வோல்ட் லித்தியம் பெட்டரி, அதைக் கழற்றாதவரை இருக்கும். ஆனால் பெட்டரியும் கிழடாகியிருக்கும். ஆகவே சப்ளை சரியாகிக் கருவி எழுந்ததும் முதல் வேலையாக ஒலிகளை வெளியே எடுத்துவிடுங்கள், டிஎக்ஸ்7 என்றால் மிடி வழியாகக் கணினிக்கு, ஜூனோ-106 என்றால் அதன் டேப் வெளியீட்டைப் போனில் பதிவு செய்தாலே போதும். அதற்குப் பிறகு பெட்டரியை மாற்றுங்கள். அப்பா செய்து வைத்த ஒலி என்று ஒருவர் கண்கலங்கி வந்து நின்றதைப் பார்த்த பிறகு, இதைக் கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன்.

கரண்ட் போய் வரும்போது எப்படிக் காப்பாற்றுவது? கடல் காற்று வேறு.

2022ல் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் இல்லாத நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். கரண்ட் திரும்பும் அந்த விநாடியில் வோல்ட் ஆடும். போனதும் பிளக்கைக் கழற்றுங்கள், வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள், இதற்குச் செலவே இல்லை.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் காலி வீதிக்குக் கடற்பக்கம் இருப்பவர்களின் கருவிகளில் உப்புப் படிந்து இணைப்பிகள் கறுத்திருக்கும், பியூஸ் கூட்டின் பிடி துருவேறித் தொடர்பு விட்டுவிட்டு வரும். பல நேரம் "பவர் சப்ளை போய்விட்டது" என்று கொண்டுவருவது வெறும் இந்தக் கூடுதான். மெல்லிய துணி போர்த்துங்கள், பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துவிடும். மாதம் ஒருமுறை அரை மணிநேரம் ஓன் செய்து வாசியுங்கள்.

எப்போது வேறொருவரிடம் கொடுப்பது?

சப்ளை தனியாகச் சரியாக இருந்து, மெயின் போர்டைச் சேர்த்ததும் 5 வோல்ட் கீழே விழுந்தால் ஷோர்ட் போர்டில் இருக்கிறது. பெரும்பாலும் சின்ன டான்டலம் கெப்பாசிட்டர் ஒன்றுதான், ஆனால் தேடுவதற்குப் பழக்கம் வேண்டும். அப்போது கொடுங்கள். கொடுக்கும்போது நீங்கள் அளந்த எண்களை எழுதிய தாளையும் கருவியோடு வையுங்கள், மாற்றிய பழைய பாகங்களை ஒரு பையில் போட்டுத் திருப்பித் தரும்படி முதலிலேயே கேட்டுவிடுங்கள்.